குடத்தில் நீலப் பொட்டு

எழுந்திரு என்று சொல்லியாயிற்று. வலது காலிடம் சொன்னேன், இடது காலிடம் சொன்னேன், இடுப்பைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னேன். ஒன்றும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறும்வரை ட்ரில் டீச்சராக இருந்தவள் நான். வடிவு டீச்சர் வருகிறாள் என்றால் மைதானத்தின் அந்தக் கோடியில் குழாயடியில் நிற்கிற பிள்ளைகூட முதுகை நிமிர்த்தும். ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் கால்களையெல்லாம் ஒரு சொல்லில் தூக்கி ஒரு சொல்லில் இறக்கியவளை இன்றைக்குச் சொந்தக் கால் இரண்டும் யாரோ எவளோ என்று பார்க்கின்றன. சரி, கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. மாத்திரை இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான். தினமும் நடக்கிற கூத்துதானே. மாத்திரை இறங்குகிற நேரம் உடம்பு சிமெண்டு மூட்டையாகிவிடும், அடுத்த மாத்திரை ஏறினால் மறுபடி மனுஷியாகிவிடுவேன். நடுவில் கிடக்கிற இந்த இடைவெளியில் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அவரும் அந்த நம்பிக்கையில்தான் போயிருக்கிறார். கிளம்பும்போது வாசலில் நின்று, “ஏ வடிவு, மெடிக்கல்ல ஒன் மாத்திர ஸ்டாக்கு வந்துட்டாம். ஒரு எட்டு போயிட்டு வந்துருதேன். பால் அடுப்புல சிம்ல கெடக்கு. அது பொங்குததுக்குள்ள நீ எந்திரிச்சிருவ. அணைச்சுரு, என்ன?” என்றார் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம். சரி என்றேன். சொன்னதாகத்தான் நினைவு. நான் எழுந்து வந்து திறக்கிற சிரமம் வேண்டாம் என்று கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார்.

இந்த நாற்காலியிலிருந்து அடுப்பு தெரியாது. அடுக்களை வாசல் தெரியும். வாசலுக்கு நேரே மேடைமேல் இருக்கிற எவர்சில்வர் குடம் தெரியும். குடத்தின் வயிற்றில் அடுப்புத் தீ ஒரு நீலப் பொட்டாகத் தெரியும். இதோ இருக்கிறது, சின்னதாக, லேசாக அசைந்துகொண்டு. பொட்டு இருக்கிறவரைக்கும் அடுப்பு எரிகிறது, பால் இன்னும் பொங்கவில்லை, நேரம் இருக்கிறது. ஆனால் மாத்திரை போட்டு வெகுநேரம் ஆகிவிட்டதே, ஏன் இன்னும் ஏறவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறேன். மாத்திரையைப் பாலில் கொடுத்தார். அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் கடலைச் சுண்டல். டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், “லெவோடோபா மாத்திரையை வெறும் வயித்துல, தண்ணியில போடணும்மா. பால், பருப்பு, முட்டை இதெல்லாம் அரை மணி கழிச்சு. குடல்ல ரெண்டுக்கும் ஒரே வாசல். ரெண்டும் முண்டியடிச்சா பருப்பு முந்திக்கும், மாத்திரை வெளியே நிக்கும்.” இவர் அங்கே தலையைத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் பாலை ஆற்ற ஆரம்பித்துவிட்டார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துபோகும் என்பது இவர் அம்மா வீட்டுச் சட்டம். எங்கள் ஊரில் எந்த வீட்டில்தான் அந்தச் சட்டம் இல்லை. தண்ணீர் போதும் என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். “டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு, வயிறு அவருதா?” என்பார். காய்ச்சி, ஆற்றி, ஆடை எடுத்து, தம்ளரை என் உதட்டில் வைத்துப் பிடிக்கிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது. குடித்துவிட்டேன். இப்போது சுண்டலும் பாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன, மாத்திரை வாசலில் நிற்கிறது. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பொட்டு இருக்கிறது. பால் சூடாகிற வாசனை வர வேண்டும் இந்நேரம், மற்றவர்களுக்கு. எனக்கு வாசனை போய்ப் பல காலம் ஆயிற்று. நோய் என்று பேர் வைப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே போய்விட்டது. முதல் மழை மைதானத்தில் விழுந்து, பிள்ளைகள் எல்லாம் மூக்கை உறிஞ்சி ஆகா ஆகா என்று குதித்தபோது நான் என்னடா இது, ஒன்றும் தெரியவில்லையே என்று நின்றேன். சளி என்று நினைத்தேன். ஒருநாள் நெத்திலி கருகிச் சட்டியே பிடித்துப்போய், பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அணைத்தாள். நான் அடுப்புக்கு முன்னாலேயே நின்றிருந்தேன். மூக்கில் ஆரம்பிக்கும் இது, அப்புறம் தூக்கத்தில் வரும், கனவில் கையைக் காலை வீசுவீர்கள், நடுக்கம் எல்லாம் ரொம்பப் பிந்தித்தான் என்று டாக்டர் சொன்னபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கனவில் நான் விட்ட உதைகளையெல்லாம் வாங்கியவர் இவர்தானே. “உதைக்கிற வேலையெல்லாம் ஸ்கூலோட வச்சுக்கோ” என்று அப்போது கேலி செய்துவிட்டு, திரும்பிப் படுத்துத் தூங்கினார். யாருக்குத் தெரியும். இவர் மூக்கும் ஒன்றுக்கும் ஆகாது. காலையில் எழுந்ததிலிருந்து மூக்குப்பொடி, சாப்பிட்டதும் பொடி, பேப்பர் படித்தால் பொடி. மல்லிகைப் பூவையும் மண்ணெண்ணெயையும் மூக்கில் வைத்தால் இரண்டுக்கும் ஒரே மாதிரி தும்முவார். இந்த வீட்டில் இரண்டு மூக்கு, இரண்டும் முகத்துக்கு அழகுக்குத்தான்.

சத்தம். சுர் என்று ஒரு சத்தம், அப்புறம் சட்சட்டென்று, அப்புறம் ஒரு நீளமான ஸ்ஸ். பால் பொங்கிவிட்டது. பொங்கி வழிந்து அடுப்பில் விழுகிறது. எழுந்திரு. எழுந்திருடி. முன்னால் சாய், பாதத்தைப் பின்னால் இழு, ஆடி ஆடி வேகம் எடுத்து எழு என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்தாளே, சாய். சாய்கிறேன் என்று நினைக்கிறேன், குனிந்து பார்த்தால் முதுகு நாற்காலியை விட்டு ஒரு விரல்கடைகூட வரவில்லை. சத்தம் நின்றுவிட்டது. சரி, பொங்கினது அடங்கிவிட்டது. கொஞ்சம் பால் வீண், போகட்டும், அவர் வந்து துடைத்துக்கொள்வார். நிமிர்ந்து குடத்தைப் பார்த்தேன். குடம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் அதில் நீளமாக விழுந்திருக்கிறது. பொட்டு இல்லை.

இல்லையா, அல்லது என் கண்ணுக்குத் தெரியவில்லையா. வெயில் சாய்கிற நேரம், வெளிச்சம் மாறியிருக்கலாம். சிம்மில் இருந்தால் பொட்டு சின்னதாகத்தானே இருக்கும். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினால் தெரியலாம். தலை திரும்பவில்லை. கண்ணை மட்டும் உருட்டி உருட்டிப் பார்த்தேன். இல்லை. பால் வழிந்து தீயை அணைத்திருக்கிறது, திருகு திறந்தபடி இருக்கிறது. அப்படியானால் கேஸ் வந்துகொண்டிருக்கிறது. வந்துகொண்டிருக்கிறதா? யாரைக் கேட்பது. மூக்கை உறிஞ்சினேன். காற்று போகிறது, காற்று வருகிறது, ஒன்றும் இல்லை. இந்தப் பாழாய்ப்போன மூக்குக்குக் கேஸும் கிடையாது, மல்லிகையும் கிடையாது. சிலிண்டர் கம்பெனியிலிருந்து ஒரு தரம் பள்ளிக்கு வந்து பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம் டீச்சர், மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து வரும் என்று அந்தப் பையன் கையால் தரையைத் தடவிக் காட்டினான். பிள்ளைகள் எல்லாம் காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். இப்போது அடுக்களைப் படியைத் தாண்டி, நான் பார்த்து நடக்க அவர் தரையில் ஒட்டியிருக்கிற கறுப்புக் கோடுகளைத் தாண்டி, என் பாதத்துக்கு வந்திருக்குமோ. பாதம் சில்லென்று இருக்கிறது. அது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். கொசு வருகிறது என்று நாலு ஜன்னலையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஃபிரிஜ் டக்கென்று ஓட ஆரம்பித்தது. உயிர் போய் உயிர் வந்தது. டக்கென்ற அந்தச் சத்தத்துக்குள்ளே ஒரு பொறி உண்டு. அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர், அவரே சொல்லியிருக்கிறார், “சுவிட்ச்சப் போடுத ஒவ்வொரு வாட்டியும் உள்ளுக்குள்ள ஒரு பொறி பறக்கும் புள்ள, நம்ம கண்ணுக்குத் தெரியாது.” அவர் வந்தால் முதலில் என்ன செய்வார்? செருப்பைக் கழற்றுவார், சுவிட்ச்சைப் போடுவார், நேரே அடுக்களைக்குப் போவார். சாமி அலமாரி அடுக்களையில்தான் இருக்கிறது. தீப்பெட்டி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. விளக்கு ஏற்றுவார். என் கை நடுக்கத்தில் ஒருநாள் எரிகிற குச்சி சேலையில் விழுந்ததிலிருந்து, விளக்கு அவர் பொறுப்பு. இருட்டியும் விளக்கு இல்லாத வீட்டுக்குள் நுழைவது அவருக்குப் பிடிக்காது. வந்ததும் வராததுமாகக் குச்சியைக் கையில் எடுத்துவிடுவார். அவர் எரிவார். நானும் எரிவேன், அது போகட்டும், நான் ஏற்கெனவே பாதி விறகுதான். அவர் எரியக் கூடாது.

பயந்தால் கால் வரும் என்று சொன்னார்களே. வீட்டில் தீப்பிடித்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவர் எழுந்து ஓடிவிட்டார், இந்த நோயில் அப்படியும் நடக்கும் என்று டாக்டர் சொன்னார். பயம் வந்துவிட்டது, டாக்டர். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கால் வரவில்லை. இந்த நோயை முதலில் கைதான் காட்டிக்கொடுத்தது. சுதந்திர தின அணிவகுப்பை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள், பிள்ளைகளுக்கு முன்னால் நான் நடந்து போகிறேன், வலது கை வீசுகிறது, இடது கை தொடையோடு ஒட்டிக்கொண்டு வீசாமல் வருகிறது. கை வீசாத பிள்ளையை வரிசையை விட்டு வெளியே நிறுத்துகிறவள் நான். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்புறம் தோள் பிடித்துக்கொண்டது, எண்ணெய் தேய்க்கிற இடம், சுளுக்கு எடுக்கிற இடம் என்று அலைந்தோம். விளையாட்டு விழாச் சான்றிதழில் நான் எழுதிய பெயர்கள் வரவர எறும்பு ஊர்கிற மாதிரி சிறுத்துப்போய், ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், சும்மா இருக்கும்போது, எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. “பொடி போடுதது நான், உருட்டுதது நீயா?” என்றார் இவர். டாக்டர் என்னை நடக்கவிட்டார், திரும்பவிட்டார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டினார். பார்க்கின்சன் என்றார். மூளைக்குள்ளே ஓர் இடத்தில் டோபமைன் என்று ஒன்று ஊறுகிறதாம், அதுதான் உடம்புக்கு நகரு என்று சொல்கிற சமாச்சாரமாம், அது ஊறுகிற இடம் வற்றிக்கொண்டு வருகிறதாம். மாத்திரை அதை நிரப்பும், ஆனால் வற்றுவதை நிறுத்தாது. அளவு கூடிப்போனால் உடம்பு தானாக நெளியும், குறைந்துபோனால் கட்டையாகும். உயிருக்கு ஆபத்து இல்லை என்று அன்றைக்குச் சொன்னார். பாலும் அடுப்பும் அவருக்கு எப்படித் தெரியும்.

வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. குடம் சாம்பல் நிறமாகிவிட்டது. விசிலை ஊதலாம். என் பழைய விசில் நாற்காலிக் கையில் கயிறு கட்டித் தொங்குகிறது, அவர் கட்டிவைத்தது. குரல் தேய்ந்துபோய் நான் கூப்பிடுவது கேட்காமல் ஆனபோது, “வேணும்னா ஊது, எங்க இருந்தாலும் ஓடியாந்துருதேன்” என்றார். ஊதினால் ஓடிவருவார், அதுதானே ஆபத்து. வாசலில் விசில் கேட்டால், விழுந்துவிட்டாளோ என்று பதறி, உள்ளே பாய்ந்து, முதல் காரியமாக வெளிச்சம் போடுவார். எங்கள் வீட்டு விசிலுக்கு வா என்று மட்டும்தான் அர்த்தம், நில் என்று சொல்ல அதில் இடமில்லை. அக்கம்பக்கம்? பக்கத்து வீடு கல்யாணத்துக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கிறது. போன் இரண்டும் டிவி மேல் இருக்கின்றன, என்னுடையதும் அவருடையதும், ஜோடியாக. கையில் எடுத்துக்கொண்டு போங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன், கேட்டால்தானே. முகத்தில் காட்டலாம் என்றால் முகமும் செத்துப்போய்விட்டது. இந்த நோயில் முகம் உறைந்துவிடும். உள்ளே அழுதாலும் சிரித்தாலும் வெளியே ஒரே பார்வை. “ஒன் மொகத்தப் பாத்தா கோவமா, சந்தோஷமா, ஒரு எழவும் தெரிய மாட்டேங்கு” என்பார். அவர் உள்ளே வந்து சுவிட்ச்சில் கை வைக்கிற நேரம் என்னைப் பார்ப்பார், நான் உள்ளே கத்திக்கொண்டிருப்பேன், அவருக்கு ஒரு பொம்மை உட்கார்ந்திருப்பது தெரியும். அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர் கை, சுவிட்ச், என் முகம். அவர் கை, சுவிட்ச், என் முகம்.

கரண்ட் போய்விட்டது. ஃபேன் ஒரு சுற்று, இரண்டு சுற்று, நின்றுவிட்டது. ஃபிரிஜ் ஒரு உதறு உதறி அடங்கியது. அப்பாடா. வாழ்நாளில் முதல் தடவையாக மின்வாரியத்தை வாயார வாழ்த்தினேன். இனி சுவிட்ச்சைப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன. மின்வாரியத்துக்காரன் வீட்டில் இன்வெர்ட்டர் வைப்பது மானக்கேடு என்று இவர் வாங்கவே இல்லை, அதுவும் நல்லதாயிற்று. அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது, மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருக்குமா. ஃபேன் சத்தம் போனதும் வீட்டில் மிச்சமிருந்த சத்தம் கேட்டது. அடுக்களையிலிருந்து, மெல்லிசாக, நிற்காமல், ஸ்ஸ்ஸ். கேஸ்தான். சந்தேகமே இல்லை, கேஸ்தான். கரண்ட் இல்லாத வீட்டுக்குள் அவர் எதை நம்பி நுழைவார்? டார்ச் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அடுக்களை வரைக்குமெல்லாம் காத்திருக்க மாட்டார். வாசலிலேயே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, பையிலிருந்து எடுத்துக் கிழிப்பார்.

எழுந்திரு என்று சொன்னால் எழுந்திருக்காது. யாரும் அப்படி எழுந்திருப்பதில்லை. பிள்ளைகளிடமும் நான் அப்படிச் சொன்னதில்லையே. ட்ரில்லில் ஒவ்வொரு ஆணைக்கும் இரண்டு துண்டு உண்டு. முதல் துண்டை இழுத்துச் சொல்ல வேண்டும், அது எச்சரிக்கை, அதைக் கேட்டு உடம்பு உள்ளுக்குள்ளே தயாராகும். இரண்டாவதை வெட்டிச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் கால் எழும்பும். இழுக்காமல் வெட்டினால் வரிசை குலையும். இத்தனை நேரமும் வெறும் வெட்டாக வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்குவா...ட் என்றேன் மனசுக்குள். இழுத்தேன், நன்றாக இழுத்தேன், பாதம் பின்னால் வருகிறவரைக்கும் இழுத்தேன். இடுப்பில் எங்கோ ஒரு முடிச்சு இளகியது. அட்டென்ஷன்! எப்படி நடந்தது என்று தெரியவில்லை, நாற்காலிக் கை என் கையை விட்டுப் போயிருந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன், ஆடிக்கொண்டு, கூன் விழுந்து, ஆனால் நின்றுகொண்டிருந்தேன். குவி...க் மார்ச். லெஃப்ட். லெஃப்ட். தரையில் அவர் ஒட்டிவைத்த கோடுகள் இருட்டில் தெரியவில்லை. கோட்டைப் பார்த்துத் தாண்டினால் கால் ஒட்டாது என்று டாக்டர் சொன்ன அன்றே, கரண்ட் கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை வெட்டி, முட்டி போட்டு, ஹாலிலிருந்து அடுக்களை வாசல் வரைக்கும் ஒட்டினார் மனுஷன். அவற்றை மனசில் போட்டுக்கொண்டு மிதித்தேன். லெஃப்ட், ரைட், லெஃப்ட். அந்த ஸ்ஸ் பெரிதாகிக்கொண்டு வந்தது. கை நிலைப்படியில் பட்டது. பட்டதும் கால் நின்றுவிட்டது. வாசல் என்றால் நின்றுவிடும், எந்த வாசலானாலும். இதுவும் இந்த நோயின் குணம். பாதம் இரண்டும் தரையில் அறைந்த மாதிரி, உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்து சாய்ந்து விழப்பார்க்கிறது. திருகு அதோ, கையை நீட்டினால் இன்னும் இரண்டு முழம். ஸ்குவாட் என்கிறேன், மார்ச் என்கிறேன். முழங்கால் நடுங்குகிறது, பாதம் பெயரவில்லை. அப்போது வெளிக்கதவில் சாவி நுழைகிற சத்தம் கேட்டது.

“கரண்ட நிப்பாட்டிட்டானுவளா, கொள்ளையில போவானுவ” என்று அவர் தன் பழைய ஆபீசையே திட்டுவது கேட்டது. கதவு திறந்தது. “ஏ வடிவு, இருட்டுலயா உக்காந்துருக்க?” நான் இங்கே இருக்கிறேன் என்றேன். எனக்குச் சத்தமாகத்தான் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. இதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்குச் சத்தமாகப் படுவது அடுத்தவருக்கு முணுமுணுப்பு, உங்களுக்கே வெட்கமாக இருக்கிற அளவுக்குக் கத்துங்கள் என்று. பையைக் கீழே வைக்கிறார். சட்டைப் பையில் கை போகிறது. தீப்பெட்டி குலுங்குகிறது. குச்சிகள் குலுங்குகிற அந்தச் சத்தம் இவ்வளவு பெரிதா. பெட்டியைத் தள்ளித் திறக்கிறார். கண்ணுக்குள்ளே மைதானத்தின் அந்தக் கோடி, குழாயடி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நடந்து போகிறாள், அவளுக்கு முன்னால் பள்ளம். எச்சரிக்கைத் துண்டுக்கு நேரமில்லை. அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, இனி ஒரு சொல் இந்த வாயில் வராவிட்டாலும் போகட்டும் என்று, ஹால்ட்! என்றேன்.

உரசுகிற சத்தம் வரவில்லை. வீடு அப்படியே நின்றது. ஸ்ஸ் மட்டும் கேட்டது. “என்னட்டீ?” என்றார், மூச்சு விடாத குரலில். கேஸ், என்றேன், அதுவும் வந்தது. பெட்டி கீழே விழுந்தது. அப்புறம் அவர் ஓடினார், என்னை உரசிக்கொண்டு, இருட்டில் மேடையில் முட்டிக்கொண்டு, திருகை மூடி, சிலிண்டரை மூடி, பின்கதவையும் ஜன்னல்களையும் தடதடவென்று திறந்துவிட்டார். கரண்ட் வந்துவிடக் கூடாதே என்று மெயினையும் வெளியே போய் இறக்கிவிட்டு வந்தார். என்னை வாசலிலிருந்து பிடுங்குகிற மாதிரி அணைத்துத் தூக்கி, வெளியே கொண்டுபோய்ப் படியில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். “நானே ஒன்னக் கொன்னுருப்பனே புள்ள, நானே கொன்னுருப்பனே” என்று என் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அந்தக் கை அவர் கன்னத்தில் உருட்டிக்கொண்டே இருந்தது. அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அப்போது தெரிந்தது. சொல்லத்தான் குரல் இல்லை, முகத்தில் காட்டவும் வழியில்லை. காற்று வந்தது. தெரு முழுக்க வெளிச்சம் வந்த பிறகும், உள்ளே இருந்த கேஸெல்லாம் வெளியேறியிருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை வருகிறவரை, அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

இப்போது ஹாலில் ஃபேன் ஓடுகிறது. விளக்கும் ஏற்றியாயிற்று. நான் மறுபடி நாற்காலியில். அவர் மேடையைத் துடைத்து, அடுப்பைக் கழுவி, முகம் கழுவி, பொடி போட்டு, கொஞ்சம் தெளிந்துவிட்டார். “மாத்திர நேரம் தாண்டிட்டே” என்று வந்தார். ஒரு கையில் புதுப் பட்டையிலிருந்து எடுத்த மாத்திரை, மறு கையில் தம்ளர். வழிந்தது போக மிச்சமிருந்த பால். தண்ணி என்றேன். காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நன்றாகக் கேட்டுக்கொண்டார். “தண்ணியா? இன்னைக்கு நீ பட்ட பாட்டுக்கு வெறும் வயித்துலயா? தெம்பு வேண்டாமா? குடி” என்று தம்ளரை என் கையருகே நீட்டினார். நடுங்குகிற இடது கையால் அதைத் தட்டிவிட்டேன். நடுக்கம் தட்டியது என்றுதான் அவர் நினைப்பார், நினைக்கட்டும். பால் தரையில், அவர் ஒட்டிய கறுப்புக் கோடுகளின்மேல் ஓடியது. அவர் முகம் சுளிக்கவில்லை. “பரவால்ல, கை என்ன செய்யும் பாவம். இன்னும் ஒரு தம்ளருக்கு இருக்கு. சுட வச்சுத் தாரேன்” என்றார். மாத்திரையை, தீப்பெட்டி கிடக்கிற சட்டைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போனார். குச்சி உரசியது. குடத்தின் வயிற்றில் நீலப் பொட்டு வந்தது. வந்து தரையைத் துடைத்துவிட்டு, துணியை அலச அவர் பின்பக்கம் போனார், குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, கூடவே ஒரு தும்மல். எழுந்திரு என்று காலிடம் சொன்னேன். இழுத்தும் சொன்னேன், வெட்டியும் சொன்னேன். இந்த நோயில் கண் இமைப்பதும் குறைந்துபோகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தமட்டுக்கு நல்லதாகப் போயிற்று. பொட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.